மூத்தவளின் சுமைதாங்கிக் கல்

எனக்குச் சந்தேக புத்தி. பால்காரர் அளந்து ஊற்றும்போது நுரை எவ்வளவு, பால் எவ்வளவு என்று குனிந்து பார்ப்பேன். விருந்தாளி "இன்றைக்கே கிளம்பிவிடுவேன்" என்று சொன்னால் அவர் கொண்டுவந்த துணிமூட்டையின் பருமனைப் பார்ப்பேன். கோயிலில் கொடுத்த தேங்காய் மூடியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் முந்தானையில் முடிந்துகொள்வேன். உன்னை நம்பவைக்கச் சாமியே நேரில் வந்து சத்தியம் பண்ணவேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சாமி வந்தாலும், யார் இப்படி வேஷம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இந்தப் புத்தி அப்பா கொடுத்த சீதனம். சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் தறி ஓடியது. நூல் வாங்கப் போனால் அப்பா கட்டைப் பிரித்து, நடுவிலிருந்து ஓர் இழையை உருவி, இழுத்து அறுத்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். கடைக்காரர்கள் அவர் தலை தெரிந்தாலே முகத்தைச் சுளிப்பார்கள். அப்படிப்பட்ட மனிதர் என்னை இரண்டாம் தாரமாகக் கட்டிக்கொடுக்கிற விஷயத்தில் மட்டும், ஒரு கல்லைப் போய்க் கண்ணால் பார்க்காமல் திரும்பி வந்துவிட்டார். அந்தக் கல்லைத் தேடி நான் அலைந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வெள்ளைக்காரன் இரண்டாவது சண்டையில் இறங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முந்தின சமாசாரம் இது.

நான் வாழ்க்கைப்பட்ட ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. உறவுக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். சேலத்திலிருந்து மேற்கே பஸ்ஸில் போனால் தூரத்திலேயே மலையும் அதன்மேல் கோட்டைச் சுவரும் தெரியும். சின்ன ஊர்தான். ஆனால் அந்தக் கோட்டையை வைத்துக்கொண்டு ஊர்க்காரர்கள் அடித்துக்கொள்கிற பெருமைக்கு அளவே கிடையாது. கோட்டையை யார் கட்டியது என்று கேட்டால் ஒருவர் மைசூர் ராஜா என்பார், இன்னொருவர் பாளையக்காரர் என்பார், மூன்றாமவர் அதற்கெல்லாம் முந்தியது என்பார். மூன்று பேரும் பக்கத்தில் நின்று கல் எடுத்துக் கொடுத்த மாதிரியே பேசுவார்கள். உள்ளே சுரங்கம் இருக்கிறது, அது காவிரிக்குப் போகிறது என்றும் சொல்வார்கள். போய்வந்தவர் யார் என்று நான் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

கோட்டை மலையின் அடியில் படிக்கட்டு வைத்த குளம் ஒன்று. ஊரிலிருந்து மூன்று ரோடுகள் பிரிந்து போயின. திருச்செங்கோடு ரோட்டில் பழைய சத்திரம். எடப்பாடி ரோட்டில் இடிந்துபோன சுங்கச்சாவடி. சேலம் ரோட்டில் துரைமார் கல்லறை. ரோட்டோரங்களில் அங்கங்கே சுமைதாங்கிக் கற்கள் நின்றன. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு சந்தைக்குப் போகிறவர்கள் யாரையும் கூப்பிடாமல் தாங்களே சுமையை அதன்மேல் தள்ளிவிட்டு மூச்சு வாங்கலாம். திரும்பத் தாங்களே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

அந்தக் கல்லைச் சும்மா யாரும் வைப்பதில்லை. வயிற்றில் பிள்ளையோடு ஒரு பெண் செத்துப்போனால் அவளுக்காக வைப்பது. அவள் இறக்கி வைக்காமலே சுமந்துகொண்டு போய்விட்டாள். வழிப்போக்கர்கள் அந்தக் கல்லில் சுமையை இறக்க இறக்க, அவள் சுமையும் இறங்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கஞ்சிக்கு இல்லாதவர்கள்கூட எப்படியாவது கல்லை நட்டுவிடுவார்கள். நடாத வீட்டில் அதற்கப்புறம் பெண் கொடுக்க யோசிப்பார்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஜவுளி வியாபாரம். தறிக்காரர்களுக்குப் பாவு கொடுத்துத் துணி நெய்து வாங்கிச் சேலத்துக்கு அனுப்புவார். மாமனார் இல்லை; வீடு மாமியார் கையில் இருந்தது. மூத்த மனைவி எடப்பாடிக்காரி. வயிற்றில் பிள்ளையோடு போய்விட்டாள் என்று தரகர் சொல்லித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளை வீடு பார்க்க அப்பா போனபோது, சமையல்கட்டில் புகை போகிறதா என்பதுவரை பார்த்துவிட்டு, கடைசியில் கேட்டாராம்: "மூத்தவளுக்குக் கல்லு வெச்சாச்சுங்களா?"

"வெக்காம இருப்போமாங்க? திருச்செங்கோடு ரோட்டுல, சத்தரத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்குதுங்க," என்று மாமியார் சொன்னாராம்.

அதற்குள் சேலம் பஸ் வந்துவிட்டது. அதை விட்டால் அடுத்தது எப்போது வருமோ யாருக்கும் தெரியாது. அப்பா ஏறி வந்துவிட்டார்.

கல்யாணம் ஆன முதல் வருஷம் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். அடிக்கிற கையோ, அதட்டுகிற வாயோ இல்லை. மாமியாருக்கு மட்டும் சாம்பாரில் உப்பு எப்போதும் கூடவோ குறையவோ இருக்கும். அந்த வருஷம் வைகாசித் திருவிழாவுக்கு நானும் நாத்தனாரும் மாட்டு வண்டியில் திருச்செங்கோட்டுக்குப் போனோம். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். அதே ஊரில் பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவர். சத்திரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வண்டி நின்றது. கல்லைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இறங்கினேன். இறந்தவள் இருந்த இடத்துக்குத்தானே நான் வந்திருக்கிறேன், அவள் கல்லைத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வது மரியாதை என்று நினைத்தேன். அன்றைக்கு அதில் சந்தேகம் எதுவும் கிடையாது.

சத்திரத்தை ஒட்டி ஒரு சுமைதாங்கி இருந்தது. மேல்கல் நடுவில் பள்ளம் விழுந்து எண்ணெய் தடவினது போல் வழவழவென்று ஆகியிருந்தது. பக்கவாட்டில் எழுத்து. சேலத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் ஆகையால் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். புள்ளியே வைக்காத பழைய காலத்து எழுத்து. அங்கே வெட்டியிருந்த புருஷன் பெயர் எங்கள் வீட்டுக்காரர் பெயர் இல்லை. சத்திரத்துக்கு அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தேன். கள்ளிச்செடிதான் இருந்தது.

"அண்ணி, மூத்தவங்க கல்லு இங்க இல்லீங்களே," என்று வண்டியில் ஏறும்போது கேட்டேன்.

நாத்தனார் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இங்கன்னு ஆரு சொன்னா? அம்மாவுக்கு வயசாச்சு, ரோடு மாறிச் சொல்லியிருப்பாங்க. சேலம் ரோட்டுல, தொரைமாரு கல்லறைக்குப் பக்கத்துல இருக்குது," என்றார்.

வயதானவர்களுக்கு மறதி வரும்தான். ஆனால் என் மாமியார், ஆடிக்கு யார் வீட்டுக்கு எத்தனை முறுக்கு அனுப்பினோம் என்பதைத் தையிலும் ஞாபகம் வைத்திருப்பவர். சொந்த மருமகளின் கல் எந்த ரோட்டில் நிற்கிறது என்பது மறந்துபோகுமா? அன்றைக்கு எனக்குள் ஒரு முள் விழுந்தது.

துரைமார் கல்லறைக்குப் போக நான் தனியாகச் சாக்கு எதுவும் தேடவேண்டியிருக்கவில்லை. எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு வேகாது. கல்லறைக்கு எதிரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. தினமும் காலையில் அங்கேதான் குடத்தோடு போனேன். கோட்டைக் குளம் அதைவிடப் பக்கம், தெரு திரும்பினால் வந்துவிடும். அங்கேயும் நல்ல தண்ணீர்தான். ஆனால் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று மாமியார் சொல்லியிருந்தார். "படியெல்லாம் பாசி. வழுக்கும்," என்பார். ஊரிலுள்ள மற்றப் பெண்கள் எல்லாம் அங்கேதான் எடுத்தார்கள். அவர்கள் ஒருவருக்கும் வழுக்கினதாகத் தெரியவில்லை.

கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு ஒருநாள் கல்லறைக்குள் போனேன். சுற்றுச்சுவர் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. காவல்காரர் உள்ளே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். கும்பினி காலத்தில் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரர்கள் காய்ச்சலில் செத்து அங்கே புதைக்கப்பட்டார்கள் என்று சொல்வார்கள். ஒரு சமாதியின் மூலை உடைந்திருந்தது. தங்கப் பொத்தானுக்காக யாரோ திருடன் தோண்டினான் என்றார் காவல்காரர். அந்தத் திருடனுக்குக் காவல்காரரைத் தெரியாமல் இருந்திருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன். ஓரத்தில் ஒரு பெரிய சமாதியும் அதன் விலாவை ஒட்டி ஒரு சின்னஞ்சிறு சமாதியும் இருந்தன. யாருடையது என்று காவல்காரரின் மனைவியிடம் கேட்டேன்.

"தொரைசாணிங்க. தலைப்பெரசவத்துல போயிட்டாளாம். பக்கத்துல அந்தப் புள்ளை," என்றாள்.

எனக்குக் கண் கலங்கியது. கப்பலேறி வந்து, பேர் ஊர் தெரியாத இடத்தில் செத்தவளுக்குக்கூட ஒரு கல் இருக்கிறது. கல்லறைச் சுவரின் இரண்டு பக்கமும், எதிர்ப்பக்கம் ஆலமரம் வரைக்கும் நடந்து பார்த்தேன். சுமைதாங்கி எதுவும் இல்லை. முன்னே இருந்து எடுத்துவிட்டார்களா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்றாள் காவல்காரரின் மனைவி. அவள் பொய் சொல்ல ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டார் பொய் சொல்லத்தான் காரணம் இருக்கவேண்டும்; அது என்ன என்பதுதான் பிடிபடவில்லை.

இரண்டாவது வருஷம் முடிந்தும் எனக்கு நாள் தள்ளவில்லை. அப்போதுதான் மாமியார் பேச ஆரம்பித்தார். முதலில் அரச மரத்தைச் சுற்று என்றார், சுற்றினேன். சுற்றுவட்டாரத்து மலைக்கோயில் மூன்றுக்கும் வேண்டிக்கொண்டார், ஏறினேன். பிறகு எதிர்வீட்டில் வளைகாப்பு நடந்தது. சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நான் எழுந்தபோது மாமியார் கண்ணாலேயே உட்கார் என்றார். கிண்ணத்தை அடுத்தவளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் பார்க்காதது போல் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு கூனிக் குறுகி நான் உட்கார்ந்ததில்லை.

அன்று சாயங்காலம் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே மாமியார் சொன்னார்: "மூத்தவ வந்த வருசமே முழுகாம இருந்தா. அவளுக்குக் குடுத்து வெக்கல. உனக்கு என்ன கேடு?"

அதற்கப்புறம் அது தினப்படிப் பேச்சாகிவிட்டது. உலை கொதிக்கத் தாமதமானால் மூத்தவள். கோலம் கோணினால் மூத்தவள். பெயரை மட்டும் சொல்லமாட்டார்கள். மூத்தவள் பெயர் என்ன என்பதே எனக்கு அப்போது தெரியாது. அவளுக்கு உண்டாயிற்று, உனக்கு உண்டாகவில்லை. ஆகவே பழுது உன்னிடம்தான். மாமியார் கணக்கு அதுதான். நாமகிரிப்பேட்டையில் தூரத்து உறவு ஒருவருக்குப் பெண் இருக்கிறாள் என்றும், அங்கே பேச்சு விட்டிருக்கிறது என்றும் நாத்தனார் வீட்டு வேலைக்காரி என் காதில் போட்டாள். மூன்றாவதாக ஒருத்தி வந்துவிட்டால் நான் அந்த வீட்டில் தண்ணீர் சுமக்கிறவள்தான். அம்மாபேட்டைக்குத் திரும்பிப் போனால் தறிக்குழியில் உட்கார்ந்து காலம் தள்ளலாம். ஆனால் தெரு என்னைப் பார்க்கிற பார்வையை அப்பா தாங்கமாட்டார். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் என் சந்தேகம் இடம் மாறியது. அதுவரை, கல் எங்கே என்றுதான் தேடினேன். அவள் உண்மையிலேயே முழுகாமல் இருந்தாளா என்று கேட்டுக்கொள்ளவே இல்லை. இருந்திருந்தால் கல் வைத்திருப்பார்கள். பழியை என் தலையில் கட்டுகிற அந்த ஒரே பேச்சுக்குக் கல்தான் சாட்சி. அந்தச் சாட்சி அவர்கள் சொன்ன இரண்டு ரோட்டிலும் நிற்கவில்லை.

மாசியில் எடப்பாடியில் எங்கள் தறிக்காரர் ஒருவர் வீட்டுக் கல்யாணம். வீட்டுக்காரர் என்னையும் அழைத்துப்போனார். விடியற்காலை வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினோம். சுங்கச்சாவடியை நெருங்கும்போது மெதுவாகக் கேட்டேன்:

"ஏனுங்க மாமா, மூத்தவங்களுக்கு எங்க கல்லு வெச்சீங்க?"

அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். "இந்த ரோட்டுலதான். அதா, சாவடிக்கிட்ட," என்றார்.

சாவடிச் சுவரை ஒட்டி ஒரு சுமைதாங்கி நின்றதென்னவோ உண்மை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நட்டிருந்த கல்லில் ஒன்று மண்ணில் பாதி புதைந்து சாய்ந்திருந்தது. அதன் இடுக்கில் வேர்விட்டிருந்த வேப்பங்கன்று என் தலைக்குமேல் வளர்ந்திருந்தது. நாலைந்து வருஷத்துக்கு முன்பு வைத்த கல்லாம் அது.

"எழுத்து ஒண்ணும் காணோமுங்களே," என்றேன்.

"வெட்டல."

"கல்லுக்கு வயசு அதிகம் இருக்கும் போலிருக்குதுங்களே."

"ஏறு, நேரமாவுது," என்றார். குரலில் கோபம் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அது என்னைக் கோபத்தைவிட அதிகமாகப் பயமுறுத்தியது. ஆக, ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று ரோடு. முன்கூட்டிக் கூடிப் பேசிப் பொய் சொல்லக்கூட அவர்களுக்கு வாய் வரவில்லை என்பது அன்று எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி அவர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வதில்லை.

கல்யாணப் பந்தலில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். வயதான அம்மாள் ஒருவர் தூணோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டி, பந்தி முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீதான் இப்ப அங்க இருக்கற புள்ளையா சாமி?" என்றார். மூத்தவளின் அம்மா என்று அவர் சொல்லாமலே தெரிந்துவிட்டது. ஆமாங்க என்றேன்.

"வயித்துல ஏதாச்சும் இருக்குதா?"

"இல்லீங்கம்மா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப உன்னையும் பேசறாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்த வருஷமே முழுகாமல் இருந்தவளை எதற்காகப் பேசவேண்டும்? "அவங்க முழுகாம இருந்தாங்கன்னு சொல்றாங்களேங்க," என்றேன்.

"சொன்னாங்க. என்ற புள்ள வயித்துல ஒண்ணும் இல்ல சாமி. ஒண்ணு இருந்திருந்தா அவ எதுக்குக் கோட்டைக் கொளத்துக்குப் போறா?"

பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவே அவர் சன்னமாகச் சொல்லிக்கொண்டே போனார். பிள்ளை இல்லை என்று பேசிப் பேசியே அவளை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒருநாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனாள். குடம் படியிலேயே இருந்தது. பாசி வழுக்கி விழுந்துவிட்டாள், வயிற்றில் பிள்ளை இருந்தது, தலை சுற்றியிருக்கும் என்று மாமியார் ஊருக்குச் சொல்லிவிட்டார்.

"நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது, ஆனால் எனக்கு ஆத்திரமாக வந்தது.

"அவளுக்குக் கீழ பொட்டப் புள்ளைக நின்னுக்கிட்டிருந்தாங்க. கொளத்துல உழுந்தவ ஊட்டுல எவன் வந்து பொண்ணு எடுப்பான்? அவிய சொன்னதுக்குத் தலைய ஆட்டிப்போட்டோம். கல்லு மட்டும் அவியளும் வெக்கல, நாங்களும் வெக்கல. இல்லாத புள்ளைக்குக் கல்லு வெச்சா அவ நெசமாச் சொமந்தத எங்க போயி எறக்குவா?"

எழுந்து போகும்போது மகளின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். அதை நான் இங்கே எழுதவில்லை. கல்லிலேயே எழுதாத பெயர்.

திரும்பி வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. சாவடி தாண்டியதும் கேட்டேன்: "கொளத்துல இருந்து ஆரு எடுத்தாங்க?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தார்க்குச்சியை மடியில் வைத்துக்கொண்டார். மாடு தானாகவே நடந்தது. "நாந்தான்," என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவரை வெறுக்க நினைத்தேன். முழுசாக முடியவில்லை.

அடுத்த மாதமே நாமகிரிப்பேட்டை உறவுக்காரர் வந்தார். மஞ்சள் வியாபாரி, குடையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்காரரும் இருந்தார். அவர் வந்த காரியம் எனக்குத் தெரியாது என்று அவர்கள் எண்ணியிருக்கமாட்டார்கள். தெரிந்தால் என்ன என்றுதான் எண்ணியிருப்பார்கள். காப்பி கொண்டுவரச் சொன்னார் மாமியார். டம்ளரோடு நான் வரும்போது பேச்சு பாதியில் இருந்தது.

"எங்க பையன்கிட்ட ஒரு கொறையும் இல்லீங்க. மூத்தவ வந்த வருசமே முழுகாம இருந்தா. இவளுக்குத்தான் பாக்கியம் இல்ல," என்று மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார். நான் நிற்பதைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

வந்தவரும் பெண்ணைப் பெற்றவர். என் அப்பா கேட்டதையே கேட்டார். "மூத்த புள்ளைக்குக் கல்லெல்லாம் வெச்சாச்சுங்களா அக்கா?"

"அதெப்படி வெக்காம இருப்போம்? சேலம் ரோட்டுல இருக்குது."

டம்ளரை அவர் முன்னால் வைத்தேன். வைத்த வேகத்தில் கொஞ்சம் சிந்தியது. "அத்தை, எங்கப்பாகிட்டத் திருச்செங்கோடு ரோடுன்னு சொன்னீங்க," என்றேன். "அண்ணி சேலம் ரோடுன்னாங்க. இவிய எடப்பாடி ரோடுன்னாங்க. இந்த மாமா பஸ்ஸுக்குப் போற வழிதானுங்களே, கையோட கூட்டிட்டுப் போயிக் காட்டிப்போடலாமுங்க. நானும் வாரேன். நானும் இன்னும் அந்தக் கல்லப் பாத்ததில்லீங்க."

வந்தவர் மாமியாரைப் பார்த்தார். மாமியார், "இவ கெடக்கறா, நீங்க காப்பியக் குடிங்க," என்றார். அவர் குடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "ஏனுங்க மாப்பளை?" என்றார்.

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதும் ஒரு ரோட்டைச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். எனக்கு அந்த மனிதர்மேல் அவ்வளவுதான் நம்பிக்கை இருந்தது.

"கல்லு இல்லீங்க மாமா," என்றார். "வெக்கறதுக்கு அவ வயித்துல ஒண்ணும் இல்லீங்க."

வந்தவர் எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டு, "அப்ப நான் வாரேனுங்க," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. ரோட்டில் வெயிலில் போய் நின்றுகொண்டார்.

மாமியார் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. "உனக்கு ஆரு சொன்னா?" என்று மட்டும் கேட்டார்.

"கல்லு இருந்திருந்தா நான் யாரையும் கேட்டிருக்கமாட்டேனுங்க. ஊரு முழுக்கச் சொன்னவங்க, ஒரு கல்லையும் நட்டிருந்தா நான் நம்பிட்டுப் போயிருப்பேனே," என்றேன். நிஜமாகவே எனக்கு அது விளங்கவில்லை. அவ்வளவு துணிச்சலாகப் பொய் சொன்னவர், பொய்க்கு ஒரு கல்லை நட மட்டும் ஏன் தயங்கினார்?

"மனுசங்ககிட்ட வாயில சொல்றது வேற," என்றார் மாமியார். "கல்லு நட்டா சந்தைக்குப் போறவன் வாரவன் எல்லாம் சுமைய எறக்குவான். நின்னு பேரைப் படிப்பான். புண்ணியவதின்னு சொல்லிட்டுப் போவான். அவ அதையெல்லாம் கேட்டுக்கிட்டே இருப்பா. எனக்குப் பயமா இருந்துது."

இத்தனை நாளில் அவர் அவளுக்குப் பயந்து நான் பார்த்தது அன்றுதான். உயிரோடு இருந்தவளிடம் வராத பயம். அழவேண்டும் போலவும், எதையாவது போட்டு உடைக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கேட்டேன்:

"அத்தை, நாளைக்கு நானும் கொளத்துக்குப் போயிட்டா, எனக்கு எந்த ரோட்டச் சொல்லுவீங்க?"

வீட்டுக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மாமியார் சிந்தியிருந்த காப்பியைத் தன் முந்தானையாலேயே துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"உனக்குச் சொல்றதுக்கு என்கிட்ட ரோடு இல்ல சாமி," என்றார் கடைசியில். "நீ போவாத."

நாமகிரிப்பேட்டையிலிருந்து அதற்கப்புறம் யாரும் வரவில்லை. வேறு ஊரிலிருந்தும் வரவில்லை. எனக்குக் குழந்தையும் பிறக்கவில்லை. பழுது யாரிடம் என்று அந்த வீட்டில் பிறகு யாரும் பேசவில்லை. மாமியார் ஒரேயடியாக நல்லவராகிவிட்டார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சாம்பாரில் உப்பு கடைசிவரை சரியாக இருந்ததில்லை. ஆனால் நான் வெளியே போய்த் திரும்பக் கொஞ்சம் தாமதமானால் போதும், வாசலில் வந்து நின்றுகொண்டு, தெருவில் போகிறவர்களிடமெல்லாம் என்னைப் பார்த்தீர்களா என்று கேட்டுக்கொண்டிருப்பார். என்னைத் தேடி நிற்கிறாரா, இல்லை, ஊருக்கு இன்னொரு தடவை பதில் சொல்லவேண்டி வந்துவிடுமோ என்று நிற்கிறாரா என்று எனக்கு அவர் சாகும்வரை தெரியவில்லை. இருந்தாலும், தெருமுனையில் திரும்பும்போது அவர் நிற்பது தெரிந்தால் நான் நடையை எட்டிப் போடுவேன்.